படத்தில் செத்தவர்களும் பாக்கியம் அண்ணியின் சிரிப்பும்

என் பாக்கியம் அண்ணிக்கு, சத்தம் முன்னே வர ஆள் பின்னால் வருகிறவருக்கு,

உங்களுடைய பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு நாலு வரி எழுதியிருந்தார்கள். 'அதிர்ந்து பேசாதவர், அடக்கத்தின் வடிவம், பொறுமையின் இருப்பிடம்.' படித்துவிட்டு, யாரைச் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் விழித்தேன். படத்தில் இருந்தது நீங்கள்தான்.

அண்ணன் எழுதிக் கொடுத்தது இல்லை அது. அவர் எழுதும் நிலையில் இல்லை. கோயில் கமிட்டியில் ஒருவரிடம் பொறுப்பை விட்டிருந்தார்கள். போய்க் கேட்டேன். "என்னண்ணே, எங்க அண்ணி எப்ப அதிர்ந்து பேசாம இருந்தாங்க?" அவர் கோபிக்கவில்லை. "பொம்பளைங்க போய்ட்டா வழக்கமா இதத்தானேம்மா போடுறது," என்றார்.

வழக்கம்தான். ஆனால் நீங்கள் வழக்கமான ஆளா? அதனால் இதை எழுதுகிறேன். பேப்பரில் வந்ததை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று உங்களிடமே சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

சின்னத் துரை வந்த புதிதை நினைத்துப் பாருங்கள். எழுபதுகளின் கடைசி அது. பெரிய துரைக்கு அடுத்த பதவி, பட்டணத்துத் தமிழர், இளவயது. அவரை நம் தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றி வந்தது, தோட்டத்து லோரி ஓட்டிய அண்ணன்தான். பட்டாளத்தில் சேரப் போனவரைப் பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வழியிலேயே அவர் வாயாலேயே கேட்டுவிட்டு வந்து சொன்னார். நாம் மூன்று பேரும் அன்றைக்கு அவருக்காகப் பரிதாபப்பட்டோம்.

பரிதாபம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காலையில் பேர் கொடுப்பதற்காக நாம் வந்து நிற்கிற பெரட்டை அவர் நிஜமான பட்டாளமாகவே மாற்றிவிட்டார். உயரப்படி நிற்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தன் நம்பரைக் கத்திச் சொல்ல வேண்டும். பக்கத்துச் செடியே தெரியாத பனியில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு, பூட்ஸ் காலைத் தட்டித் தட்டி நடப்பார். குட்டை என்பதால் நீங்கள்தான் முதல் ஆள். 'ஒண்ணு' என்று சொல்லும்போதே உங்கள் உதடு துடிக்கும். நான் உங்களைப் பார்க்காமல் மலை இருக்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது. தொழிலாளிகளுக்கு ஒழுக்கமும் வீரமும் வர வேண்டும் என்று அவரே ஈப்போவிலிருந்து ஆளையும் மிஷினையும் வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டத்து மண்டபத்தில். வெளிச்சம் வராமல் இருக்க, மழைக்கு நாம் இடுப்பில் கட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக்குகளை எல்லாம் வாங்கி ஜன்னலில் அடித்தார்கள். தமிழ்ப் படம் என்று நினைத்துத் தலையில் பூ வைத்துக்கொண்டு போனோம்.

எந்த நாட்டுப் படமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. வாய் அசைந்து முடிந்த பிறகு பேச்சு வந்தது. எதிரிகள் சிறைபிடித்த ஒரு கேப்டனை மீட்க ஒரு வீரன் காட்டுக்குள் போகிறான், அவ்வளவுதான் கதை. ஆற்றில் முங்கி எழுந்தவனுடைய சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. துப்பாக்கியில் குண்டு தீரவே இல்லை. பீரங்கி வண்டி என்று ஒன்று வந்தது, அதன் அடியில் லோரி டயர் ஓடியது. "நம்ம பழைய லோரிக்குப் பலகை அடிச்ச மாதிரி இருக்குலா," என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

நீங்கள் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பாலத்தில் ஒரு மீசைக்காரனைச் சுட்டார்கள். கையை விரித்து, ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தான். கொஞ்ச நேரத்தில் அவனே வேறு தொப்பி போட்டுக்கொண்டு முகாம் வாசலில் காவல் நின்றான். அங்கேயும் சுட்டார்கள். அங்கேயும் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இந்தாளு இப்பத்தானே பாலத்துல செத்தான்?" என்றீர்கள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "செத்துட்டு ஓட்டி பாக்குறான் போல."

அத்தோடு அடைப்பு உடைந்தது. ஓவர்டைம் பார்க்கிறவன் படும் பாடு நமக்குத்தானே தெரியும்? சண்டை நடுவே ஒரு கோழி நிதானமாகக் குறுக்கே நடந்து போனது, அதற்கும் சிரித்தோம். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், கை காட்டினார்கள், ஓடினார்கள். ஹெலிகாப்டர் மட்டும் வரவில்லை. "வாடகைக்குக் காசு இல்ல, சத்தத்த மட்டும் அனுப்பிட்டாங்க," என்றீர்கள். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். கடைசியில் சுடப்பட்டுக் கிடந்த மீசைக்காரன், கேமரா தன்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்து மூக்கைச் சொறிந்தான் பாருங்கள், அங்கே நீங்கள் பெஞ்சிலிருந்தே வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டீர்கள்.

சின்னத் துரை எழுந்து மிஷினை நிறுத்தச் சொன்னார். விளக்கைப் போட்டார்கள். அவர் முகம் சிவந்திருந்தது.

"இது சிரிக்கிற படம் இல்ல. உயிரக் குடுத்தவங்க கதை. யாரு முதல்ல ஆரம்பிச்சது?"

நீங்கள் தரையிலிருந்து எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டீர்கள். "நான்தாங்கய்யா. பாக்கியம்."

"காலையில பெரட்டுல பேசிக்கலாம்," என்றார்.

காலையில் பேச்சு நீளவில்லை. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். நீங்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேங்கய்யா. இதுல யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டீர்கள். கோபமே இல்லாத குரல். கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவர் விட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

"மன்னிப்புக் கேக்குற வரைக்கும் ஒனக்குப் பேர் போட மாட்டேன். வேல இல்ல."

பெரிய துரை அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். முறையிட வேறு ஆள் இல்லை. நான் கூடையை இறக்கிவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன். நீங்கள் என் இடுப்பில் கிள்ளினீர்கள். "ஒரு வீட்டுல ஒரு ஆளு சும்மா இருந்தா போதும். நீ போய் கொழுந்து எடு," என்றீர்கள். கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது.

வீட்டில் அண்ணன் பயந்துபோனார். அவரைக் குறை சொல்ல முடியாது. லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டும். "ஒரு வார்த்தைதானே பாக்கியம். சொல்லிட்டு வந்துரு. வாய் என்ன தேஞ்சா போயிரும்?" என்று கெஞ்சினார்.

நீங்கள் அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். "தப்பு செஞ்சிருந்தா கால்லகூட விழுவேங்க. சிரிச்சதுக்கு இன்னைக்கு மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு அழுவறதுக்கும் அவருகிட்டப் போய்க் கேட்டு நிக்கணும்." அண்ணன் சாப்பிட்டார், கைகழுவினார், லோரியைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் நீங்கள் தினம் பெரட்டுக்கு வந்தீர்கள். உங்கள் இடத்தில், முதல் ஆளாக நின்றீர்கள். 'ஒண்ணு' என்று சத்தமாகச் சொன்னீர்கள். அவர் உங்களைத் தாண்டிப் போய் அடுத்தவளிடமிருந்து ஆரம்பிப்பார். அவளும் வேண்டுமென்றே 'ரெண்டு' என்பாள். எல்லாரும் மலை ஏறிய பிறகு வெறும் கூடையோடு வீட்டுக்குத் திரும்புவீர்கள். உங்களுக்கு அது எப்படி இருந்தது, அண்ணி? ஒரு நாளும் சொல்லவில்லை.

ஆனால் வேறொன்று சொன்னீர்கள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம் அல்லவா?

வேலை முடிந்து வந்து, உங்களோடு சேர்ந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் மனதில் ஒரு சங்கடம் இருந்தது. "உயிர் போற காட்சிக்கு அப்படிச் சிரிச்சது சரிதானா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் விறகை வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள்.

"எங்கப்பாவச் சுட்டப்ப நான் பக்கத்துல இருந்தேன், தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது. உங்கள் அப்பா வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலத்தில், பட்டாளமும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளும் சுட்டுக்கொண்டபோது போனார் என்று மட்டும்தான் தெரியும்.

"நான் சின்னப் புள்ள. தேத்தண்ணி கொண்டு போனேன். மேல எங்கியோ ஒரு வெடிச் சத்தம். அவரு கைய விரிக்கல, கத்தல. சும்மா உக்காந்தாரு, கால்ல முள்ளு குத்துன மாதிரி. கூடை சாஞ்சு கொழுந்து கொட்டிருச்சு. 'கூடைய நிமுத்தி வை புள்ள'ன்னாரு. நிமுத்தி வச்சிட்டுத் திரும்பிப் பாத்தேன். அவ்வளவுதான். எந்தப் பக்கத்துக் குண்டுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல."

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கையை உருவிக்கொண்டீர்கள். அப்போதுகூட உங்கள் முகத்தில் சிரிப்பின் சாயல் இருந்தது.

"அந்த மீசைக்காரன் மூக்கச் சொறிஞ்சான் பாத்தியா? எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? அங்க ஒருத்தனும் சாகல. எந்திரிச்சு, தொப்பிய மாத்திக்கிட்டு, மறுபடி வந்துர்றான். சாயந்திரம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சோறு தின்னுருப்பானுங்க. அதுக்குச் சிரிக்காம வேற எதுக்குச் சிரிக்கறது?"

அடுத்த ஞாயிறு சின்னத் துரை அதே படத்தை மறுபடியும் போட ஏற்பாடு செய்தார். எல்லாரும் கட்டாயம் வர வேண்டும், வாய் திறக்காமல் முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல நம் கங்காணியை முன்வரிசையில் மக்களைப் பார்த்தபடி உட்கார வைத்தார். வேலை இல்லாததால் உங்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. தண்டனை என்று நினைத்தார், பாவம்.

நீங்கள் வந்தீர்கள். மண்டபத்துக்கு வெளியே, பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

உள்ளே நாங்கள் பட்ட அவஸ்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இஸ்திரிச் சட்டை ஆற்றிலிருந்து வந்தது. ஒரு சத்தம் இல்லை. பலகை பீரங்கி வந்தது. யாரோ இருமினார்கள். மீசைக்காரன் பாலத்தில் சுற்றி விழுந்தபோது என் பக்கத்தில் இருந்தவள் முந்தானையை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டாள். அண்ணன் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கங்காணிக்குப் படத்தைப் பார்க்க வழியில்லை. அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். அதுதான் இன்னும் மோசம் போல, அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

ஹெலிகாப்டர் சத்தம் ஆரம்பித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்தது. கேலி இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் கேட்பது மாதிரி கேட்டீர்கள்.

"இன்னைக்காவது வந்துச்சா?"

கங்காணி நல்ல மனிதர். கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவர். யோசிக்காமல் எட்டிக் கூரையைப் பார்த்துவிட்டு, வெகு மரியாதையாக, "இன்னும் வரலம்மா," என்றார்.

சொல்லி முடித்ததும் அவர்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் போல நான் பிறகு கேட்டதில்லை. பெஞ்சு சாய்ந்தது. குழந்தைகள் என்ன என்று தெரியாமலேயே சிரித்தன. ஈப்போ மிஷின்காரர் ரீலைக் கவனிக்காமல் விட்டதில் படம் பாதியில் தீய்ந்து வெள்ளையாகப் போனது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடி வந்து உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். 'சொல்லிட்டு வந்துரு' என்றவர்தான் உங்கள் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார்.

சின்னத் துரை யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கும் என்னவோ போல இருந்தது. நீங்களும் அப்போது சிரிக்கவில்லை.

மறுநாள் பெரட்டில் கறுப்புக் கண்ணாடி இல்லை, விசில் இல்லை. 'ஒண்ணு' என்றீர்கள். அவர் குனிந்து உங்கள் பேரை எழுதினார். அந்த வாரச் சம்பளம் வரவே இல்லை. பல மாதம் நம் இருவரையும் தூரத்து மலைக்கே அனுப்பினார்கள், கால் வலிக்க வலிக்க ஏறினோம். ஜெயித்தோம் என்று நான் சொல்லவில்லை. தோற்கவில்லை, அது தெரியும்.

மாற்றலாகிப் போகிற அன்று அவர் லைனுக்கு வந்து வாசலில் நின்றது உங்களுக்குத் தெரியும், ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. "நெசமாவே அவ்வளவு மோசமா இருந்துச்சா அந்தப் படம்?" என்று கேட்டார். நீங்கள் அவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தீர்கள். "கோழி நல்லா நடிச்சுச்சுங்கய்யா," என்றீர்கள். தேத்தண்ணி அவருக்குப் புரையேறிவிட்டது. தட்டைப் பாதக்காரர் அன்றைக்குத்தான் நம் தோட்டத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

இவ்வளவும் செய்தவரை 'அதிர்ந்து பேசாதவர்' என்றால் நான் எப்படிப் பொறுப்பேன்? ஒரு சிரிப்பை இத்தனை வருஷம் கழித்துப் பேச வேண்டுமா என்று கேட்கிறார்கள். பேச வேண்டும். நாம் எதைப் பார்த்து வணங்க வேண்டும், எதைப் பார்த்து மிரள வேண்டும் என்று எப்போதும் யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நீங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள், எங்களுக்கும் கொடுத்தீர்கள்.

இப்போது வீட்டுச் செய்தி. நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாத நாளிலிருந்து அண்ணன் வாய் திறந்து பேசவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவார். சோறு அப்படியே இருக்கும். பதினாறு முடிந்த மறுநாளும் அப்படித்தான். எனக்குத் தாங்கவில்லை. பஸ் ஏறித் தானா ராத்தா டவுனுக்குப் போனேன், வீடியோ கடைக்கு.

"தவுக்கே, ஒரு பட்டாளப் படம் வேணும். இருக்கிறதுலயே ரொம்ப மோசமானது."

கடைக்காரச் சீனர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நல்லது இருக்குலா. பெரிய படம், புதுசு."

"நல்லது வேணாம் தவுக்கே."

தேடி எடுத்துக் கொடுத்தார். திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை என்றார், அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பக்கத்து லைனில் வீடியோப் பெட்டியை இரவல் வாங்கி நேற்று மத்தியானம் நடு வீட்டில் போட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பினார். ஒரு கர்னல் தண்ணீருக்கடியில் ரகசியமாக நீந்திப் போனான். எதிரிக் கோட்டை அட்டையில் செய்தது, காற்றில் ஆடியது. செத்துக் கிடந்தவன் வயிறு ஏறி ஏறி இறங்கியது.

"மூச்சு விடுறான்," என்றார் அண்ணன். இத்தனை நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை, அண்ணி. பிறகு சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. நானும் கூடவே சிரித்தேன், கூடவே அழுதேன். எது எது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

காரியத்துக்குக் கம்போங் ராஜாவிலிருந்து வந்து தங்கியிருந்த பெரியம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். "என்ன இது? துக்க வீட்டுல சிரிப்பா? அக்கம்பக்கம் என்ன பேசும்?"

"பேசட்டும் பெரியம்மா," என்றேன். "இது பாக்கியம் அண்ணி வாழ்ந்த வீடு. இங்க சிரிக்காம இருந்தாத்தான் துக்கம். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. முறைத்துக்கொண்டு நின்றார். கர்னல் இன்னும் நீந்திக்கொண்டிருந்தான். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. கடைசியில் பெரியம்மா மெதுவாகக் கேட்டார்.

"தண்ணிக்குள்ள போறவன் எதுக்குடி தொப்பி போட்டிருக்கான்?"

பாயைத் தட்டி அவருக்கு இடம் விட்டேன்.

அண்ணி, ஒரு வாக்குத் தருகிறேன். அண்ணனை நான் பார்த்துக்கொள்வேன். இந்த வாசலுக்கு யார் வந்து எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றாலும், சிரிப்பு வந்தால் சிரிப்பேன். யார் அது என்று கேட்டால் எழுந்து நின்று என் பேரைச் சொல்வேன்.

நீங்கள் கிள்ளி மலைக்கு அனுப்பிய,
உங்கள் நாத்தனார்
சரோஜா